பெட்டிக்குள் ஓர் அடுக்களை

நுழையும் முன்

வேலை நிமித்தம் ஊர்விட்டு ஊர் பெயரும் குடும்பங்கள், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று எண்ணிப் பார்த்தே மூட்டை கட்டுகின்றன. சாரணர் முகாமுக்குப் புறப்படும் மாணவரும் அவ்வாறே எண்ண வேண்டும். அதற்கு உதவும் ஒரு பெட்டியைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

அஞ்சறைப் பெட்டியின் பாடம்

நம் வீட்டு அடுக்களைகளில் அஞ்சறைப் பெட்டியைக் காணலாம். ஐந்து அறைகள் கொண்டதால் அது அப்பெயர் பெற்றது. இன்று ஏழு கிண்ணங்கள் இருப்பினும் பெயர் மாறவில்லை. கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் ஆகியவை தத்தம் இடத்தில் இருப்பதால், எண்ணெய் காய்ந்தவுடன் தேடாமல் எடுக்க முடிகிறது. தேவையான பொருள் மட்டுமே இருத்தல், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருத்தல் ஆகிய இரண்டுமே அதன் சிறப்பு. திறந்தவெளியில் சமைக்க நாம் செய்யப்போகும் பெட்டிக்கும் இவ்விரண்டே அடிப்படை.

ஒரு முன்னோடி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்றோர், வாரக்கணக்கில் வெட்டவெளியில் உண்டு உறங்கினர். அவர்களுக்காக 1866ஆம் ஆண்டில் சார்லஸ் குட்நைட் என்னும் பண்ணையாளர், பழைய படை வண்டி ஒன்றைச் சமையல் வண்டியாக மாற்றினார். வண்டியின் பின்புறத்தில் இழுப்பறைகளும் தட்டுகளும் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். அதன் கதவு கீழ்விளிம்பில் கீல் கொண்டு இணைக்கப்பட்டது. திறந்தால் அதுவே மேசையாயிற்று. இவ்வண்டி 'சக் வேகன்' எனப்பட்டது. 'சக்' என்பது உணவைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல். வண்டியின் காலம் முடிந்த பின்னும் அப்பெட்டியின் அமைப்பு முகாம்களில் நிலைத்துவிட்டது.

செய்யும் முறை

முதலில் பலகையை அறுத்தல் கூடாது. பொருள்களையே அளக்க வேண்டும். ஒன்றனுள் ஒன்று அடங்கும் இரண்டு பாத்திரங்கள், ஒரு தோசைக்கல், கரண்டிகள், கத்தி, இடுக்கி, தட்டுகள், மசாலாக் கிண்ணங்கள், சிறு அடுப்பு ஆகியவற்றைத் தரையில் நெருக்கமாக அடுக்கி, அவை கொள்ளும் நீள, அகல, உயரங்களைக் குறித்துக்கொள்க. எடுத்துக்காட்டாக, 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் கொண்ட பெட்டியைக் கொள்வோம். 12 மி.மீ. தடிப்புள்ள ஒட்டுப்பலகையால் செய்தால், வெறும் பெட்டியே ஏறத்தாழ 9 கிலோ எடை இருக்கும். 9 மி.மீ. பலகையானால் ஏறத்தாழ 7 கிலோவே இருக்கும். இருவர் சுமக்க வேண்டிய பெட்டிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

பலகைகளைப் பசையாலும் திருகாணியாலும் இணைக்க வேண்டும். அறுத்தல், துளையிடுதல் ஆகியவற்றைப் பெரியவர் துணையுடன் செய்க. முன்கதவைக் கீழ்விளிம்பில் கீலால் பொருத்தி, இருபுறமும் சங்கிலியால் தாங்கச் செய்க. பக்கங்களில் துளையிட்டுக் கயிற்றுப் பிடிகளைக் கோக்கலாம். கனமான பாத்திரங்கள் கீழறையின் பின்பகுதியில் இருக்கட்டும். இல்லையேல் கதவின் மீது சுமை ஏறும்போது பெட்டி முன்னே சாயும்.

எரிவாயு உருளையைப் பெட்டிக்குள் வைத்தல் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மூடிய பெட்டியின் அடியில் தேங்கும். இரயிலில் எரிவாயு உருளையும் மண்ணெண்ணெயும் எடுத்துச் செல்லத் தடை உள்ளது. ஆதலால் எரிபொருளை முகாம் நடைபெறும் ஊரிலேயே பெற்றுக்கொள்க.

வீட்டில் ஒரு சோதனை

முகாமுக்கு முன், பெட்டியை மொட்டைமாடியிலோ முற்றத்திலோ வைத்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க, அதில் உள்ளவற்றைக் கொண்டே ஒருவேளை உணவு சமைத்துப் பாருங்கள். எந்தப் பொருளுக்காக வீட்டினுள் ஓடினீர்களோ, அதைப் பெட்டியில் சேர்க்க வேண்டும். எந்தப் பொருளைத் தொடவேயில்லையோ, அதை வெளியே எடுத்துவிடலாம். தீப்பெட்டியையும் உப்பையும் மறந்தவர்கள் இச்சோதனையில் அதைக் கண்டுகொள்வர். காட்டில் கண்டுகொண்டால் பயனில்லை.

முகாமில்

அடுப்பை மரக்கதவின் மீது வைக்காமல், சமமான தரையில் அல்லது தட்டையான கல்லின் மீது வைத்து மூட்டுக. மழை பெய்தாலும் கூடாரத்தினுள் அடுப்பு மூட்டுதல் கூடவே கூடாது. துணி தீப்பற்றக்கூடும். அதனினும் கொடியது கார்பன் மோனாக்சைடு வளி. அதற்கு நிறமும் மணமும் இல்லை. அடைபட்ட இடத்தில் அது உயிரையே பறித்துவிடும். மழை நாளுக்கென அவலும் வெல்லமும் பெட்டியில் இருந்தால், அடுப்பின்றியே பசியாறலாம். காப்புக்காடுகளில் விதிகளை மீறித் தீ மூட்டுதல், 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி குற்றமாகும்.

எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் வழியுண்டு. அரைமணி நேரம் ஊறிய அரிசி விரைவில் வேகும். கொதித்த பாத்திரத்தை இறுக மூடி, அடுப்பிலிருந்து இறக்கிக் கம்பளியால் சுற்றி வைத்தால், எஞ்சிய வேக்காட்டை உள்ளிருக்கும் வெப்பமே முடித்துவிடும்.

திரும்பியதும் பாத்திரங்களைக் கழுவி உலர்த்தி, தீர்ந்தவற்றை நிரப்பி, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்து மூடுக. அடுத்த முறை பெட்டியைத் தூக்குபவர் வேறொருவராகவும் இருக்கலாம். இருளிலும் அவர் கை தீப்பெட்டியைத் தேடாமல் எடுக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

அடுக்களை – சமையலறை
கீல் – கதவு திரும்ப உதவும் இணைப்பு
இடுக்கி – சூடான பாத்திரத்தைப் பிடிக்கும் கருவி
வளி – காற்று, வாயு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அஞ்சறை, திருகாணி, இவ்வண்டி.
2. எரிவாயு உருளையைப் பெட்டிக்குள் வைத்தல் கூடாது. ஏன்?
3. வீட்டில் செய்யும் சோதனையால் விளையும் இரு பயன்களை எழுதுக.
4. ஆறு பேர் இரண்டு நாள் தங்கும் முகாமுக்குரிய பொருள்களைப் பட்டியலிடுக. பின்னர் அவற்றுள் மூன்றை நீக்கி, காரணம் கூறுக.
5. உங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்தபோது அடுக்களையிலிருந்து எடுத்து வந்த பொருள் எது? பெற்றோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.