கம்ப்யூட்டர் கிளம்பவில்லையா? கடைக்குத் தூக்கும் முன்…

பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. அல்லது ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது. அல்லது கம்பெனி லோகோ வரை வந்து அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றையுமே 'கம்ப்யூட்டர் ஆன் ஆகல' என்றுதான் சொல்கிறோம். ஆனால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள், பார்க்க வேண்டிய இடங்களும் வேறு. முதல் ரகத்துக்கு 1 முதல் 6 வரை, இரண்டாவதுக்கு 7 முதல் 9 வரை, மூன்றாவதுக்கு 10 முதல் படியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

1. சுவரிலிருந்து ஆரம்பியுங்கள். செல்போன் சார்ஜர் வேலை செய்வதை மட்டும் வைத்து பிளக் பாயிண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். சார்ஜர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. தளர்ந்த இணைப்பிலும் அது ஓடும். டேபிள் ஃபேனைச் செருகிப் பாருங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

2. அடுத்தது யூபிஎஸ். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ ரகம். அதற்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் அளவில் ஒரு லெட்-ஆசிட் பேட்டரி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது தளர்ந்துவிடும். பேட்டரி செத்துப்போனால், கரண்ட் இருக்கும்போதே கூட ஆன் ஆகாத யூபிஎஸ்கள் உண்டு. கம்ப்யூட்டர் பட்டனை அழுத்தியதும் யூபிஎஸ் 'கீ' என்று கத்தி அணைந்தாலும் அதே சந்தேகம்தான். கேபினட்டின் ஒயரை யூபிஎஸ்ஸிலிருந்து எடுத்து நேராகச் சுவரில் செருகுங்கள். ஓடினால் கம்ப்யூட்டரில் குறையில்லை. பெரும்பாலும் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், யூபிஎஸ்ஸையே மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

3. கேபினட்டின் பின்பக்கம், ஒயர் செருகும் இடத்துக்கு அருகில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு இது அணைந்திருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் (கேபினட்டுக்குள் மின்சாரம் தரும் பெட்டி) 115, 230 என்று எண் போட்ட சிவப்புத் தள்ளு சுவிட்சும் உண்டு. நம் வீட்டு மின்சாரத்துக்கு அது 230-ல்தான் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளி ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் வெடித்துப் போகும். குழந்தைகள் கை படும் இடமாக இருந்தால் அதன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

4. பல மானிட்டர்களுக்கும் கேபினட்டுக்கும் ஒரே மாதிரி பவர் கேபிள்தான். இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். கேபிள் கோளாறா என்று காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

5. இடி மின்னலுக்குப் பிறகோ, கரண்ட் போய்ப் போய் வந்த பிறகோ கம்ப்யூட்டர் அடங்கிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்சாரத்தை நிறுத்தி வைத்திருக்கலாம். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி செருகி ஆன் செய்யுங்கள்.

6. ஆன் ஆகிறது, ஆனால் நாலைந்து விநாடியில் தானாக அணைகிறதா? பட்டனைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே போனது திரும்பி வராமல் சிக்கியிருக்கலாம். பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் கட்டாயமாக அணைவதுதான் கம்ப்யூட்டரின் ஏற்பாடு. சிக்கிய பட்டனும் அதையேதான் செய்கிறது. இதற்கு மதர்போர்டு மாற்றும் செலவு எவ்வளவு என்று விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

பட்டன் நன்றாக இருந்தும் உயிர் இல்லை என்றால் பக்கவாட்டு மூடியைத் திறந்து மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் ஒயர் செருகியிருக்கும் வரை ஒரு சிறு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதுவும் எரியாவிட்டால், கருகிய வாடையும் அடித்தால், எஸ்எம்பிஎஸ் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கியடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

7. ஃபேன் ஓடுகிறது, திரை கருப்பு. மானிட்டர் 'நோ சிக்னல்' என்று சொன்னால் மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதன் மெனுவில் எச்டிஎம்ஐ, விஜிஏ என்று எந்த வழி தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் போக வேண்டும். யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது மதர்போர்டின் துளை. அதில் செருகினால் பெரும்பாலும் படம் வராது. ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் பிடுங்கித் துடைத்துப் பொட்டு வைத்த மறுநாள் வரும் கோளாறு அநேகமாக இதுதான். பொட்டையும் காற்றுத் துளைகளைத் தவிர்த்து வையுங்கள்.

8. திரை இன்னும் கருப்பு என்றால் ரேம். என் அனுபவத்தில், 'மதர்போர்டு போச்சு' என்று தீர்ப்பு சொல்லப்பட்ட கம்ப்யூட்டர்களில் கணிசமானவை ரேமைக் கழற்றி மாட்டியதும் எழுந்தவை. மாதக்கணக்கில் போடாமல் வைத்திருந்த கம்ப்யூட்டரில் இது இன்னும் அதிகம்.

ஒயரைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைப் படுக்கவையுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொடுங்கள், உடம்பில் உள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ரேமின் ஓரத்துக் கிளிப்பை விலக்கினால் அது மேலே எழும்பி வரும். தங்க நிறப் பற்களை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ரப்பர் துகளை உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். விரலால் பற்களைத் தொட வேண்டாம். ரேமின் அடியில் உள்ள வெட்டு நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளியிருக்கும், அதனால் ஒரு பக்கமாக மட்டுமே உட்காரும். இரு முனைகளையும் 'க்ளிக்' கேட்கும் வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பாருங்கள், ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். டிடிஆர்5 ரேம் உள்ள புதிய கம்ப்யூட்டர், கழற்றி மாட்டிய பின் முதல் முறை சில நிமிடம் கருப்பாகவே இருந்துவிட்டு வரும். அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

9. பழைய போர்டுகள் 'பீப்' சத்தத்தால் பேசும். ஒரே ஒரு சிறிய பீப் என்றால் எல்லாம் சரி. நீளநீளமாக விடாமல் கத்தினால் பெரும்பாலும் ரேம். புதிய போர்டுகள் பலவற்றில் சத்தத்துக்குப் பதில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு குட்டி விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம். கடைக்குப் போன் செய்யும்போது இதைச் சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

10. தேதி பல வருடம் பின்னால் போய், 'எஃப்1 அழுத்து' என்று கேட்டு நிற்கிறதா? மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டு வாங்குங்கள், 3 வோல்ட். கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மாற்றியதும் தேதியைச் சரிசெய்யாவிட்டால் பேங்க் வெப்சைட்டுகள் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கும். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முன்பே போனில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி குழந்தை கைக்குப் போகவே கூடாது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம்.

11. ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் அணைந்தால் சூடு. சிபியு மேல் உள்ள ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும். கேபினட்டை வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் தகடு இல்லாத இடைவெளி இருந்தால் மூடிவிடுங்கள், பல்லியும் கரப்பானும் அந்த வழியாகத்தான் குடியேறுகின்றன.

12. 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று வந்தால் முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயோஸுக்குள் போங்கள். ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, அசெம்பிள் செய்தவற்றில் பெரும்பாலும் டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் திறக்கும். அங்கே ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரியாவிட்டால் அதன் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மேலும் ஓட்டினால் உள்ளே இருக்கும் கல்யாண போட்டோக்கள் மீளும் வாய்ப்பு குறையும்.

13. லோகோவோடு நின்றுவிடுகிறதா? சுற்றும் புள்ளிகள் வரும்போது பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரையைக் காட்டும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் முதலில், சிஸ்டம் ரெஸ்டோர் அடுத்து. உங்கள் ஃபைல்களை இவை தொடாது. அண்மையில் அப்டேட் ஆகியிருந்தால் அதை நீக்கும் வழியும் அங்கேயே உண்டு. 'ரீசெட் திஸ் பிசி' கடைசி. அதில் ஃபைல்களை வைத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தாலும் டேலி, தமிழ் டைப்பிங் போன்ற நீங்கள் போட்ட மென்பொருள்கள் போய்விடும்.

14. ரீசெட்டுக்கு முன் ஃபைல்களை எடுக்க வேண்டுமா? வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றிக்கொள்ளுங்கள். அதிலிருந்து கிளப்பி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்பதைத் தேர்ந்தால் உங்கள் டிஸ்க் பெரும்பாலும் திறக்கும். வேண்டியதை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்துவிடலாம்.

15. கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் கேபினட்டை மட்டும் கொண்டுபோங்கள். ஃபேனே ஓடாத கம்ப்யூட்டருக்கு 'ஃபார்மட் பண்ணிடலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். மின்சாரக் கோளாறுக்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். 'டேட்டா அழிக்கக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ் மாற்றக் கடைக்காரருக்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. அதைக் கழற்றி வீட்டு பீரோவில் வைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.