கணப்பும் கரும்பலகையும்: அயர்லாந்து தரும் பாடம்

ஒரு மொழியை அழிப்பதற்கோ ஆக்குவதற்கோ பள்ளிக்கூடத்துக்கு எத்துணை ஆற்றல் உண்டு? ஆசிரியராயினார் யாவரும் தம்முள் எழுப்பவேண்டிய இவ்வினாவுக்கு அயர்லாந்து நாட்டின் வரலாறு தெளிவானதொரு விடை தருகின்றது. ஐரோப்பாவின் மேற்கெல்லையிலே அத்திலாந்திக் மாகடல் சூழக் கிடக்கும் அத்தீவிலே பள்ளிக்கூடம் முதலில் தாய்மொழிக்குப் பகையாய் நின்றது. பின்னர் அம்மொழிக்குக் காவலாயிற்று. பகையாய் நின்றபோது அது பெரிதும் வென்றது. காவலாய் நின்றபோதோ பாதியே வென்றது. இதற்குக் காரணம் யாதென ஈண்டு ஆராய்வாம்.

முதலிற் பழைய ஐரிஷ் நாட்டுப்புற வாழ்க்கையைச் சிறிது நோக்குவாம். கல்லாற் சுவரெழுப்பி வைக்கோலால் வேய்ந்த சிறு வீடு, அதனுள்ளே கணப்பு. குளிரும் மழையும் மிக்க அந்நாட்டிற் கணப்புத் தீயே வீட்டுக்கு உயிர். சதுப்பு நிலத்திலே கட்டி கட்டியாக வெட்டிக் காற்றிலும் வெயிலிலும் உலர்த்திய கரிமண்ணே அதற்கு விறகு. உருளைக்கிழங்கும் மோரும் ஏழைகளின் அன்றாட உணவு. அறுவடைக்கும் கரிமண் வெட்டுதற்கும் அயலார் கூலி பெறாது கூடி உழைப்பர். மாரிகாலத்து இரவுகளில் அவர்கள் கணப்பைச் சூழ்ந்திருக்க, கதை சொல்வதில் வல்ல முதியவர் பழங்கதைகளை எடுத்துரைப்பார். எழுத்தறியாதாரும் ஆங்கே இலக்கியம் பயின்றனர். கணப்பே அவர்க்குக் கல்விக்கழகம். ஐரிஷ் மொழியே அதன் போதனாமொழி.

1831ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசாங்கம் அயர்லாந்தில் தேசியப் பாடசாலைகளை நிறுவிற்று. ஏழைப் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவு கிட்டியது நன்றே. ஆயின் போதனாமொழி ஆங்கிலம். வீட்டிலே ஐரிஷ் ஒன்றனையே கேட்டு வளர்ந்த பிள்ளையும் தான் அறியாத மொழியில் எண்ணும் எழுத்துங் கற்க வேண்டியதாயிற்று. சில ஊர்களிற் பிள்ளையின் கழுத்திலே ஒரு கோல் தொங்கவிடப்பட்டது. அவன் ஐரிஷ் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு இடப்பட்டது. பின்னர் வெட்டுக்களை எண்ணித் தண்டனை வழங்கப்பட்டது. இதற்குப் பெற்றோரும் உடன்பட்டனர் என்பதே நெஞ்சை வருத்துவது.

அப்பெற்றோர் மொழிப்பகைவர் அல்லர், வறுமைக்கு அஞ்சியவர். 1845ஆம் ஆண்டிலே உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிற்று. அதன்பின் வந்த சில ஆண்டுகளிற் பசியாலும் பிணியாலும் மாண்டோர் ஏறத்தாழ 10 லட்சம். கப்பலேறி நாடு நீங்கியோரும் 10 லட்சத்துக்குக் குறையார். 1841இல் 81 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த குடித்தொகை 1851இல் 65 லட்சம் அளவிற்குச் சுருங்கிற்று. இக்கொடுமை ஐரிஷ் பேசிய ஏழைகள்மீதே மிகுதியாக விழுந்தது. அமெரிக்காவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்ப் பிழைக்கவேண்டிய பிள்ளைக்கு ஆங்கிலமே வழித்துணை எனப் பெற்றோர் கருதினர். ஆகவே தம்முள் ஐரிஷ் பேசிய தாய் தந்தையர் பிள்ளையிடம் ஆங்கிலம் பேசலாயினர். பள்ளிக்கூடம் தொடங்கிய வேலையைப் பசி முடித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விழிப்புத் தோன்றிற்று. 1884இல் மைக்கல் கியூசாக் முதலியோர் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினர். 1893இல் டக்ளஸ் ஹைட், ஓயின் மக்நீல் முதலியோர் மொழி வளர்ச்சிக்கெனக் கேலிக் கழகத்தை நிறுவினர். ஹைட் என்பார் புரொட்டஸ்தாந்து மதகுருவின் மைந்தர். தம் ஊர் எளிய மக்களிடமிருந்தே ஐரிஷ் மொழியைக் கேட்டுக் கற்றவர். அவரே 1938இல் அந்நாட்டின் முதற் சனாதிபதியானார்.

1922இலே தீவின் பெரும்பகுதி சுதந்திர அரசாயிற்று. புதிய அரசு ஐரிஷ் மொழியைப் பள்ளிகளிற் கட்டாய பாடமாக்கிற்று. 1937இன் அரசியலமைப்பு அதனை முதலாவது உத்தியோக மொழியென வகுத்து, ஆங்கிலத்தை இரண்டாம் இடத்தில் வைத்தது. அதே 1937இலே பள்ளிக்கூடம் மற்றுமொரு பணியை மேற்கொண்டது; அதனை மாணவர் சிறப்பாக அறிதல் வேண்டும். ஐரிஷ் நாட்டாரியல் ஆணைக்குழு ஆசிரியர்களின் துணையோடு மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. பிள்ளைகள் தம் பாட்டன் பாட்டியரையும் அயலிலுள்ள முதியோரையும் அணுகி, கதை, பழமொழி, கைமருத்துவம், விளையாட்டு, தொழின்முறை, பஞ்சகால நினைவு என்பவற்றைக் கேட்டு எழுதினர். 1939 வரை நடந்த இம்முயற்சியில் ஏறத்தாழ 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 பிள்ளைகள் ஈடுபட்டனர். திரண்ட ஏடுகள் 7 லட்சம் பக்கங்களுக்கு மேலாம். ஒரு நூற்றாண்டுக்கு முன் பாட்டனின் மொழியை ஒறுத்த பள்ளிக்கூடம் இப்போது பாட்டனிடமே பாடங் கேட்கப் பிள்ளையை அனுப்பிற்று. ஆயினும் அவ்வேடுகளிற் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டது. கதை எஞ்சியிருந்தது, மொழி முன்னரே வீட்டைவிட்டு நீங்கியிருந்தது.

இவ்வேறுபாட்டை விளக்கப் பெய்க் சேயர்ஸ் என்னும் மூதாட்டியின் வரலாறு ஒன்றே போதும். பிளாஸ்கெற் தீவிலே வாழ்ந்த இவர் கணப்பருகே கதை சொல்வதிற் பெரும்புகழ் வாய்ந்தவர். அறிஞர் பலர் கடல் கடந்து சென்று இவர்பாற் கதை கேட்டனர். ஆயின் இவர் பள்ளியிற் கற்றது ஆங்கிலமே. தம் மொழியை எழுதவறியார். மகன் எழுத இவர் சொல்லிய வாழ்க்கை வரலாறு 1936இல் நூலாயிற்று. பின்னர் அது பல்லாண்டு பாடநூலாகவும் விளங்கிற்று. கணப்பருகே கேட்டோர் மெய்ம்மறந்த அதே குரலை, தேர்வுக்கெனப் படித்த மாணவர் பலர் பெருஞ்சுமையென வெறுத்தனர். ஆசிரியராகிய யாம் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய செய்தி இது. குடித்தொகை குன்றியதால் 1953இல் பிளாஸ்கெற் தீவினின்று எஞ்சியோரும் வெளியேற்றப்பட்டனர். 1958இலே பெய்க் மறைந்தார்.

இதற்கிடையில் அன்றாட வாழ்க்கை விரைந்து மாறிற்று. 1946இல் நாட்டுப்புறங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெருந்திட்டம் தொடங்கியது. 1961இன் இறுதி நாளிலே தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பாயிற்று. கணப்பை நோக்கியிருந்த கதிரைகள் அதனை நோக்கித் திரும்பின. 1967இல் இலவச இடைநிலைக் கல்வி வந்தது. 1973இல் நாடு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர்ந்தது. மக்களை வெளியே அனுப்பிய நாடு பிறரை வரவேற்கும் நாடாயிற்று; 2022இன் குடிசனமதிப்பின்படி அங்கு வாழ்வோரில் ஐவருள் ஒருவர் பிறநாட்டிற் பிறந்தவர். கரிமண் வெட்டிவந்த அரச நிறுவனமும் 2021இல் அத்தொழிலைக் கைவிட்டது.

அதே குடிசனமதிப்பின்படி, 51 லட்சம் மக்களில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் தமக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றனர். இது பள்ளிக்கூடத்தின் வெற்றி. ஆனால் பள்ளிக்கு வெளியே அதனை நாடோறும் பேசுவோர் 71,968 பேரே. பள்ளியால் ஆகாதது எது என்பதை இத்தொகை காட்டுகின்றது. 2022 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் முழுநிலை பெற்று விளங்கும் மொழி, தன் நாட்டுச் சந்தையிலே அரிதாகவே ஒலிக்கின்றது.

எனினும் நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. சட்டத்தால் அன்றி விருப்பத்தால் நடப்பவை ஆங்கு செழித்தே நிற்கின்றன. ஹேர்லிங் என்னும் பழைய விளையாட்டில் ஊர்தோறும் இளைஞர் ஊதியமின்றித் தம் ஊர்ப் பெயருக்காக ஆடுகின்றனர். இறுதிப் போட்டியைக் காண டப்ளின் நகர்க் குரோக் அரங்கிற் பல்லாயிரவர் கூடுகின்றனர். ஐரிஷ் வழங்கும் பகுதி மக்கள் கிளர்ந்து கேட்டதன் பயனாக 1972இல் அவர்தம் வானொலியும், நெடுநாள் முயற்சியின்பின் 1996இல் தொலைக்காட்சியும் பிறந்தன. பெற்றோர் தாமே முன்வந்து ஐரிஷ் வழிப் பாடசாலைகளை நகரங்களிலும் நிறுவினர். அன்று மொழியைக் கைவிட்ட பெற்றோரின் வழித்தோன்றல்களே இன்று அதனை மீட்க முயல்கின்றனர்.

ஆகவே யாம் துணிவது இது: வீட்டிலுள்ள மொழிக்குப் பள்ளிக்கூடம் எழுத்தும் இலக்கணமும் மதிப்பும் தரவல்லது, வீட்டை விட்டகன்ற மொழியை மீண்டும் வீட்டுக்குட் கொண்டுவருதல் அதற்குத் தனித்து இயலாது. தாயும் தந்தையும் பிள்ளையோடு பேசினாலன்றி ஆசிரியர் உழைப்பு நிறைவுறாது. மாணவரும் 1937இன் ஐரிஷ் பிள்ளைகளைப் போல ஒரு கொப்பியுடன் தம் பாட்டியாரிடஞ் செல்வாராக. கேட்டதை அவர் பேசிய மொழியிலேயே எழுதுவாராக. சொல்வோர் உள்ளபோதே கேட்டல் வேண்டும்.