மலைக்காற்றும் நைட்ரோ எஞ்சினும்

ரேடியோவால் இயக்கப்படும் சிறு கார்களில் உள்ள நைட்ரோ எஞ்சின் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும் உதகையின் காலைக் குளிரில் அதனைக் கிளப்ப முயன்றவர்களுக்கே அதன் பிடிவாதம் தெரியும். சென்ற டிசம்பர் விடுமுறையில் கோவை நண்பனின் காருடன் பட்ட பாட்டில் நான் கற்றதை இங்கு எழுதுகிறேன்.

இதன் எரிபொருள் பெட்ரோல் அன்று. மெத்தனாலுடன் நைட்ரோமீத்தேனும், ஆமணக்கெண்ணெய் அல்லது செயற்கை எண்ணெயும் சேர்ந்த கலவை. பிஸ்டனுக்கு வேண்டிய மசகு முழுவதும் இக்கலவையோடுதான் வருகிறது. இதை வாசகர் நினைவில் கொள்க. மின்பொறியும் இதில் இல்லை. குளோ பிளக்கின் பிளாட்டினச் சுருளை 1.5 வோல்ட் மின்கலம் சிவக்கச் செய்யும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். எரிதலின் வெப்பமும், பிளாட்டினத்தின் மீது மெத்தனால் ஆவி படுவதால் நிகழும் வினையூக்கமும் சுருளை அணையாது காக்கும். அமெரிக்கரான ரே ஆர்டன் இத்தகைய பிளக்கை 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

குளிரில் மெத்தனால் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே முதலில் தலைமுடி உலர்த்தும் கருவியால் சிலிண்டர் தலையைச் சூடாக்கினோம். பின்னர் கயிற்றைக் குறுகிய இழுப்புகளாக இழுக்கவேண்டும். கயிறு இறுகி நின்றுவிட்டால் உள்ளே எரிபொருள் தேங்கிவிட்டது என்று பொருள். அப்போது பலத்தைக் காட்டினால் ஏதேனும் உடையும். பிளக்கைக் கழற்றி, காரைக் கவிழ்த்து, கயிற்றை இழுத்தால் தேங்கியது வெளியேறிவிடும். மெத்தனால் கண்பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரிவதும் அரிது. நம் ஊர் மூடுபனியின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் புட்டியை உடனே மூடிவிடவேண்டும்.

எஞ்சின் கிளம்பியது, ஆனால் வெண்புகையைக் கக்கித் தடுமாறியது. காரணம் எளிய இயற்பியலே. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி கோவையில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்குதான். கார்புரேட்டருக்குள் நுழையும் காற்று குறையும் அளவுக்கு எரிபொருள் குறைவதில்லை. எளிய கணக்கின்படி கலவையில் எரிபொருள் விகிதம் 9 சதவீதம் கூடிவிடுகிறது. எனவே ஊசித் திருகை வலப்புறம் திருகி எரிபொருளைக் குறைக்கவேண்டும்.

எஞ்சின் நன்கு சூடானபின், கடிகாரத்தில் ஒரு மணிக்குரிய தூரம் மட்டும் திருகி, சற்று ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி திருகினோம். முழு வேகத்தில் மெல்லிய புகைக்கோடு தெரியவேண்டும். புகையே இல்லையெனில் எரிபொருள் போதவில்லை. தலைமீது ஒரு சொட்டு நீர் விட்டு, அது மூன்று நான்கு விநாடிகளில் ஆவியானால் சூடு சரி என்பார்கள். உதகையில் நீர் 93 பாகை செல்சியசுக்குள்ளேயே கொதித்துவிடுவதால் இங்கு அச்சோதனையை முழுதும் நம்பவில்லை; புகையையே நம்பினோம். தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் கார் பறந்தது. சிறுவர்கள் பின்னாலேயே ஓடினார்கள்.

விபரீதம் கோவையில் நடந்தது. நண்பன் திருகைத் தொடாமலே அங்கு காரை ஓட்டினான். அடர்ந்த காற்று, எரிபொருளோ மலைக்கு ஏற்ற அளவு. எரிபொருள் குறைந்ததோடு எண்ணெயும் குறைந்தது. பத்து நிமிடத்தில் பிஸ்டன் இறுகி நின்றுவிட்டது. பிஸ்டனும் சிலிண்டரும் புதிதாக வாங்கவேண்டியதாயிற்று. இப்போது அவன் கார்ப் பெட்டியின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறான். அதில் "கோவை", "ஊட்டி" என்று இரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊசித் திருகின் சுற்றுக் கணக்கு.