ஒழுகாத குழாயில் ஓட்டை: பழைய இராணுவ லாரி கற்றுத்தரும் அழுத்தப் பாடம்

மாணவர்களே, முதலில் ஒரு புதிர். பழைய இராணுவ லாரி ஒன்று புறப்படுகிறது. சிறிது தூரம் சென்றதும் இயந்திரம் திணறுகிறது; மேட்டில் ஏறும்போது நின்றுவிடுகிறது. கலனில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ஆனாலும் எரிபொருள் குழாயில்தான் ஓட்டை! எப்படி?

எந்த லாரி?

அமெரிக்காவின் 'ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ' லாரியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. 1944 ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, பிரான்சில் முன்னேறிய படைகளுக்கு எரிபொருளும் உணவும் கொண்டு சென்ற 'ரெட் பால் எக்ஸ்பிரஸ்' வாகன அணியில் இவை ஓடின. சேகரிப்பாளர்கள் இன்றும் இவற்றைப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள்.

தள்ளுவது காற்று

கலன் தாழ்வாக இருக்கிறது. பம்பு இயந்திரத்தோடு உயரத்தில் இருக்கிறது. பம்பிலுள்ள சவ்வு அசையும்போது குழாயினுள் அழுத்தம் குறைகிறது. கலனிலுள்ள பெட்ரோலை வளிமண்டல அழுத்தம் மேலே தள்ளுகிறது.

உயர வேறுபாடு 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 750 கி.கி./மீ³.

அழுத்தம் = 750 × 9.8 × 0.5 = 3,675 பாஸ்கல்

வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,000 பாஸ்கல். அதில் 4 விழுக்காடுகூடத் தேவையில்லை!

ஆனால், பம்புக்கு அருகே குழாயில் விரிசல் இருந்தால்? உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். எனவே பெட்ரோல் வெளியேறாது. காற்றுதான் உள்ளே நுழையும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலால் ஐஸ் மைலோ குடித்துப் பாருங்கள். பானம் சட்டையில் சிந்தாது, ஆனால் வாய்க்கும் சரியாக வராது. புதிருக்கு விடை அதுதான்.

பழுதுபார்க்கும் முறை

1. இயந்திரம் ஆறியபின், திறந்த வெளியில், மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தூரத்திலுள்ள தீப்பொறியையும் எட்டும்.

2. குழாயைக் கழற்றி, கழுவி உலர்த்தி, ஒரு முனையை அடைத்து நீரில் அமிழ்த்த வேண்டும். மறுமுனையில் மெதுவாகக் காற்றைச் செலுத்தினால், குமிழி வரும் இடமே விரிசல்.

3. புதிய எஃகுக் குழாயை அளந்து வெட்டி, பிசிறு நீக்கி, நட்டை முதலில் கோத்துக்கொள்ள வேண்டும். பிறகே முனையைப் புனல்போல் விரிக்க வேண்டும். வரிசை மாறினால் நட்டு உள்ளே போகாது! விரிந்த முனை இறுக்கமாகப் பொருந்துவதால் காற்று புகாது.

4. சட்டத்தோடு கவ்விகளால் பொருத்த வேண்டும். தளர்ந்த குழாய் அதிர்ந்துகொண்டே இருக்கும். மீண்டும் மீண்டும் வளையும் உலோகம் களைத்து விரிசல் விடும். இயந்திரம் குலுங்குவதால், சட்டத்துக்கும் பம்புக்கும் இடையில் மட்டும் வளையும் குழாய் வேண்டும்.

எந்த ரப்பர்?

நம் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் இதற்கு உதவாது. அதுவும் பெட்ரோலும் முனைவற்ற ஹைட்ரோகார்பன்கள். ஆகவே ரப்பர் பெட்ரோலை உறிஞ்சி, உப்பி, வலுவிழக்கும். நைட்ரில் ரப்பரில் முனைவுள்ள பகுதிகள் இருப்பதால் அது தாக்குப்பிடிக்கும்.

எச்சரிக்கை: பெட்ரோலை வைத்து வீட்டில் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். உறிஞ்சுகுழலும் நீரும் போதும்.

சிந்தித்து விடையளிக்க: குழாயில் ஓட்டையே இல்லை. ஆனால், கலனின் மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டுவிட்டது. லாரி ஏன் சிறிது நேரம் ஓடியபின் நிற்கிறது? மூடியைத் திறந்தால் ஏன் மீண்டும் ஓடுகிறது? அழுத்த வேறுபாட்டைக் கொண்டு விளக்குங்கள்.