வடிகட்டியும் வாயிற்காவலும்



2020-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி விக்டர்ஸ் தொலைக்காட்சியில் 'பர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. அக்காலத்தே தேவிகுளம், பீர்மேடு லயங்களிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை இல்லங்களிலும் கல்வியின்பொருட்டுக் கைப்பேசி புகுந்தது. அவ்வாயில் வழியே காமக்காட்சியும் புகுதல் கண்ட பெற்றோர், "வடிகட்டி வைத்தால் பிள்ளைகளைக் காக்கலாகுமா?" என வினவுகின்றனர்.

வடிகட்டி என்பது யாது? தீய தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றிற்கு வழியடைக்கும் கருவி. 2015-இல் இந்திய அரசு 857 தளங்களை அடைக்கக் கட்டளையிட்டுச் சின்னாட்களில் அதனைத் தளர்த்திற்று. 2018-இல் உத்தராகண்ட உயர்நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்தியபோது, அவற்றுள் 30 தளங்களில் ஆபாசம் இல்லையெனக் கண்டு, எஞ்சிய 827 தளங்களை அடைக்கக் கட்டளை பிறந்தது. அடைபட்டவற்றுள்ளும் சில வேறு பெயர் பூண்டு மீண்டன. வி.பி.என். என்னும் மறைவழி கற்ற சிறுவனுக்கு அவ்வடைப்புத் தடையன்று. தோழன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை அப்பட்டியல் அறியாது.

ஆயின் வடிகட்டி வீணோ? அன்று. தேடாமலே கண்ணிற்படும் தீமையினின்று இளம்பிள்ளையை அது பெரும்பாலும் காக்கும். நாற்றுக்கு வேலி வேண்டும். ஆயினும் வேலி நாற்றை வளர்ப்பதில்லை. கைப்பேசியையே பறித்துவிடலாம் என்பாரும் உளர். இணையத்தை அணுகுதல் கல்வியுரிமையைச் சேர்ந்ததெனக் கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. எழுத்து மறுக்கப்பட்ட மரபில் வந்த நாம் நம் மக்களுக்கு, சிறப்பாகப் பெண்மக்களுக்கு, அதனை மறுத்தல் தகுமோ?

சிகாலோவாத சூத்திரத்தில் பெற்றோர்க்கு விதித்த ஐந்து கடமைகளுள் முதலாவது தீமையினின்று விலக்கல். இரண்டாவது நன்மையில் நிறுத்தல். வடிகட்டி முதலாவதற்குத் துணையாகும். இரண்டாவதை நாமே செய்தல் வேண்டும்.

அதற்கு வழி, பகவன் தம் மைந்தன் இராகுலனுக்குக் கண்ணாடியை உவமை காட்டிப் போதித்ததேயாம். செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் அது தனக்கோ பிறர்க்கோ துன்பம் விளைக்குமோ என நோக்கல் வேண்டும். பிழை நேரின் அறிவுடையாரிடம் மறையாது உரைத்தல் வேண்டும்.

இவ்விறுதிப் பகுதியே இன்று உயிர்நிலையானது. அடிக்கு அஞ்சிய பிள்ளை மறைக்கும். மறைத்த பிள்ளையே படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பார் கையில் எளிதிற் சிக்கும். ஆதலின் பிள்ளை வந்து சொல்லுங்கால் கை ஓங்காது செவி கொடுங்கள். மிரட்டல் உண்டாயின் 1930 அல்லது 1098 எண்ணுக்கு உடனே அறிவியுங்கள்.

பிள்ளை அஞ்சாது உண்மையுரைக்கும் இல்லமே காவலுள்ள இல்லம். மூன்றாம் சீலத்தை அவ்வில்லத்திலேயே கற்பிக்கலாகும்.

சாது! சாது! சாது!