பழ ஈயும் தெருவும்: இளம் தோட்டக்கலைஞருக்கு ஒரு கடிதம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு முற்றங்களின் பழமரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கும் இளம் தோட்டக்கலைஞருக்கு,

கொழும்பின் கொய்யாவையும் மாங்காயையும் ஜம்புவையும் புழுப்பிடிக்கச் செய்யும் கீழைத்தேயப் பழ ஈ, அதாவது அறிவியலாளர் பக்ரோசெரா டோர்சாலிஸ் என அழைக்கும் பூச்சி, இந்த மண்ணுக்குப் பழையதாயினும் பிற கண்டங்களில் ஊடுருவிய பெரும் பீடையாகும். 2003ஆம் ஆண்டு கென்யாவில் கண்டறியப்பட்டு, 2005இல் 'இன்வேடன்ஸ்' என்ற புதிய இனமாக விபரிக்கப்பட்ட ஈ, இலங்கையிற் சேகரிக்கப்பட்டிருந்த ஈக்களை ஒத்திருந்தமையால் இங்கிருந்தே சென்றிருக்கலாம் எனக் கருதப்பட்டது. 2015இல் அதுவும் டோர்சாலிஸே என ஆய்வாளர் முடிவுசெய்தனர்.

பெண் ஈ முதிரும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. ஓரிரு நாட்களில் வெளிவரும் புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்தபின், உதிர்ந்த பழத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகின்றன. எனவே மருந்து தெளிப்பதனால் பழத்துள் இருக்கும் புழு சாவதில்லை என்பதையும், கீழே அழுகக் கிடக்கும் பழமே அடுத்த தலைமுறையின் பிறப்பிடம் என்பதையும் தோட்டக்கலைஞர் முதலில் உணர வேண்டும்.

மெதைல் இயூஜினோல் என்னும் கவர்பொருளைப் பஞ்சில் ஊற்றித் தொங்கவிடும் பொறி, ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கிறது. பொறி நிறைய ஈ விழுந்ததைக் கண்டு பழம் தப்பிவிட்டதாக நம்புவது பிழை. ஏற்கெனவே கருவுற்ற பெண் ஈக்கள் வெளியே இருந்துகொண்டே இருக்கும். முட்டை முதிர்வதற்குப் புரதம் தேடும் பெண் ஈயைப் புரத இரையால் ஈர்த்துக் கொல்லலாம். காய் பச்சையாக இருக்கும்போதே கடதாசிப் பையால் மூடிக்கட்டினால், முட்டையிடுவதையே தடுக்கலாம். உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிப் பல நாட்கள் வெயிலில் வைப்பதோ ஆழமாகப் புதைப்பதோ இன்றியமையாதது. திறந்த குப்பைக் குழியில் எறிவது ஈயை வளர்ப்பதாகவே முடியும்.

ஈக்கு மதில் எல்லை அன்று. ஒரு வீட்டுக்காரர் பழங்களைப் பொறுக்க, அடுத்த வளவில் அவை அழுகிக் கிடந்தால் உழைப்பு வீணாகும் என்பதால், அயலவரோடு பேசித் தெருவை ஒன்றுசேர்ப்பதும் இத்தொழிலின் பகுதியே. இலண்டனிலும் மெல்பேர்னிலும் உள்ள உறவினருக்கென மாம்பழத்தைப் பயணப்பெட்டியில் வைப்போரிடம், ஒரு பழத்தின் புழு மற்றொரு நாட்டின் பயிரை அழிக்கக்கூடும் எனப் பொறுமையாக எடுத்துரைப்பதும் தோட்டக்கலைஞரின் கடமையாகும்.