போர் தண்ணி நல்ல தண்ணியா?



எங்கள் வீட்டு போர் கரும்புக் கொல்லையை ஒட்டி உள்ளது. போன கோடையில் அதன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், இரும்பு எல்லாம் அளவுக்குள் இருப்பதாகச் சீட்டு வந்தது. "பாத்தியா, நல்ல தண்ணிதான்"னு ஆயா சொன்னாங்க. ஆனால் அப்பா கரும்புக்கு அடிக்கும் களைக்கொல்லியான அட்ரசின் பெயரே சீட்டில் இல்லை. தண்ணீரில் அது இல்லையா, அல்லது அதைத் தேடவே இல்லையா? வேதியியல் ஆசிரியரிடம் கேட்டேன். "தேடலம்மா. அதுக்கு வேற கருவி வேணும்" என்றார். அதைப் பற்றிப் படித்ததே இக்கட்டுரை.

கருவியின் தத்துவம்

நிறை நிறமாலைமானி என்பது அணுக்களையும் மூலக்கூறுகளையும் நிறுக்கும் தராசு. பொருளை அயனியாக்கி, நிறை வாரியாகப் பிரித்துக் காட்டும். 1919-ல் இதை அமைத்து ஐசோடோப்புகளைக் கண்டறிந்த ஆஸ்டன், 1922-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நிலத்தடி நீருக்கு இதில் மூன்று முறைகள் முக்கியம்.

1. ஐ.சி.பி-எம்.எஸ்: நீரை நுண்துளிகளாக்கி, 6,000 டிகிரிக்கும் மேல் சூடான ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்துவர். எல்லாம் அணுக்களாக உடையும். ஆர்செனிக், காரீயம், யுரேனியம் ஆகியவற்றுக்கு ஏற்றது. களைக்கொல்லியும் உடைந்துவிடுவதால் அது தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை! ஆர்கான் 40, குளோரின் 35, கூட்டினால் 75. ஆர்செனிக்கின் நிறையும் 75! பாகூர் கடலோரத்தில் கிடைப்பது போன்ற உப்புத் தண்ணீரை வைத்தால், இல்லாத ஆர்செனிக் இருப்பதாகக் கருவி காட்டக்கூடும். அதனால் அயனிகளை ஹீலியம் நிரப்பிய அறை வழியே அனுப்பி, உருவில் பெரிய போலி அயனிகளை வடிகட்டுகிறார்கள்.

2. ஜி.சி-எம்.எஸ்: சூட்டில் சிதையாமல் ஆவியாகும் பொருள்களுக்கு. லிண்டேன், டி.டி.டி., 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த எண்டோசல்பான் ஆகியவை இதில் சிக்கும்.

3. எல்.சி-எம்.எஸ்: ஆவியாக்காமல் திரவத்திலேயே பிரிப்பது. நீரில் நன்கு கரையும், சூடு தாங்காத மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றுக்கு ஏற்றது. அட்ரசினை 2, 3 இரண்டிலும் காணலாம். மூன்றாவதில் இருமுறை நிறுக்கும் வகை உண்டு. 216 நிறையுள்ள அட்ரசின் அயனியை உடைத்தால் 174 வரும். ஹால் டிக்கெட்டில் பெயரையும் போட்டோவையும் சரிபார்ப்பது போல இரண்டும் பொருந்தினால்தான் அது அட்ரசின்.

எவ்வளவு இருக்கலாம்?

ஐ.எஸ். 10500 தரப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஆர்செனிக் 10 மைக்ரோகிராம், அட்ரசின் 2 மைக்ரோகிராம் வரைதான் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே கிராம் அட்ரசின், 5 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும்!

தண்ணீர் பிடிக்கும் பாட்டிலும் வேறு வேறு. உலோகச் சோதனைக்குப் பிளாஸ்டிக் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். பூச்சிமருந்துச் சோதனைக்குக் கறுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் குளிர்ச்சியாக வைக்க வேண்டும்.

முடிவுரை

மூன்றில் எது சிறந்தது என்பது சரியான கேள்வி அல்ல. ஒன்று பார்ப்பதையெல்லாம் மற்றொன்று பார்த்துவிடாது. ஆகவே நண்பர்களே, சோதனைச் சீட்டு வாங்கும்போது "நல்ல தண்ணியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எதையெல்லாம் தேடினீங்க?" என்றும் கேளுங்கள். எங்கள் போர் தண்ணியில் அட்ரசினை இன்னும் யாரும் தேடவில்லை. ஆயாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப அதையும் பாத்துடச் சொல்லு"ன்னாங்க.

கேட்போம்! அறிவோம்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நெட்டப்பாக்கம்